குளத்தைக் கையால் துப்புரவாக்க உங்கள் உதவி வேண்டும்

அன்பார்ந்த ஊர் மக்களுக்கும் வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும்,

மட்டக்களப்புப் படுவான்கரையில் உள்ள நம் ஊர்க் குளத்தை இப்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். முக்கால்வாசியை ஆற்றுவாழை, சல்வீனியா ஆகிய மிதக்கும் களைகள் மூடிவிட்டன. மேல்வட்டை வயல்களில் போடும் உரம் மழையோடு கழுவுண்டு வந்து சேரச் சேர அவை இன்னும் கொழுக்கின்றன. தண்ணீர் திறந்துவிடும் துருசும் அடைபடத் தொடங்கிவிட்டது.

தெளிந்த தண்ணீர் மிஞ்சியிருப்பது வடக்கு மூலையில் மட்டுந்தான். பூச்சி பிடித்துண்ணும் நீர்ச்செடியான யூற்றிக்குலேரியா இருப்பதும் அங்கேதான். மாரி முடிந்ததும் தண்ணீருக்கு மேலே மஞ்சளாகப் பூக்குமே, அதுதான். பாசி என்று நினைத்துப் பலரும் விலக்கிவிடுகிற செடி. அதற்கு வேரே கிடையாது. ஓர் இழையை வெள்ளைப் பீங்கானில் தண்ணீரோடு எடுத்துப் பாருங்கள். மெல்லிய இலைகளில் கடுகளவு பைகள் தொங்கும். ஒவ்வொரு பையும் உள்ளே இருக்கும் நீரை வெளியே இறைத்துவிட்டு, ஒட்டி ஒடுங்கிக் காத்திருக்கும். ஏதாவது நுண்ணிய நீர்ப்பூச்சி வாசலில் இருக்கும் மயிரில் பட்டால் போதும், கதவு திறந்து தண்ணீரோடு பூச்சியையும் உள்ளே இழுத்துவிடும். ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட எடுக்காது! இரை விழுந்த பைகள் கறுத்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

சத்துக் குறைந்த தண்ணீரில் நைதரசனும் பொசுபரசும் தேடிக்கொள்ளத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஆனால் அதற்கு வெயில் வேண்டும். ஆற்றுவாழை மேலே மூடினால் செடி அழிந்துபோகும்.

பெக்கோ இயந்திரத்தை விட்டு அள்ளலாம், களைகொல்லி அடிக்கலாம், செலவும் குறைவு என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். சரிதான், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த மூலையும் மீன்குஞ்சுகளும் அதோடு போய்விடும். அதனால் வடக்கு மூலையைச் சுற்றி வலை கட்டிவிட்டு, தோணியில் நின்று கையால் அள்ளுவது என்று முடிவெடுத்தோம். ஒருமுறை அள்ளினால் தீர்கிற வேலையும் இல்லை. ஆற்றுவாழையை ஒழிக்க 1909இலேயே இலங்கையில் சட்டம் போட்டார்கள், இன்றுவரை ஒழியவில்லை. துண்டு மிஞ்சினாலும் திரும்பத் தழைக்கும். ஆகவே மூன்று வருடத்துக்காவது மாரிக்கு முன்னும் பின்னும் இறங்க வேண்டும். உரத்தண்ணீரைத் தடுக்க வாய்க்கால் வாயில் பன் புல் நடவும் எண்ணியிருக்கிறோம். வளர்ந்தபின் பாய் பின்னுகிற பெண்கள் அறுத்துக்கொள்ளலாம்.

தோணி வாடகை, வலை, கூலி, வேலையாட்களின் சாப்பாடு ஆகியவற்றுக்குத்தான் பணம் தேவை. பணம் இல்லாதவர்கள் ஒருநாள் உழைப்போ, ஒரு மூட்டை அரிசியோ தந்தாலும் பெரிய உதவி. பொருளாளரிடம் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவைக் கோயில் அறிவித்தல் பலகையில் மாதாமாதம் ஒட்டுவோம்.

ஆவணி பிறக்கும் முன் பணம் சேர்ந்தால், தண்ணீர் வற்றியிருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
குளப் பாதுகாப்புக் குழுவினர்