கச்சான் வருமுன் படகுக்கொரு துணி நங்கூரம்

மன்னார் வளைகுடாக் கரையோர மீனவர் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) தூண்டில் போடும் பைபர் படகுகளுக்காக இதை எழுதுகிறோம். எஞ்சினை அணைத்ததுமே படகு காற்றுக்கு விலாவைக் காட்டித் திரும்பிக்கொண்டு ஓடத் தொடங்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 2 கடல் மைல் ஓட்டம் என்பது நொடிக்கு 1 மீட்டர். 20 பாகம் (சுமார் 36 மீட்டர்) ஆழத்தில் தூண்டில் ஈயம் தரை தொட அரை நிமிடமாவது ஆகும். அதற்குள் படகு 30 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். தூண்டில் நரம்பு சாய்ந்து, இரை தரையை விட்டு எழும்பிவிடும். ஈயத்தைக் கூட்டினால் பாரில் மாட்டி அறுகிறது. ஓட்டம் 1 கடல் மைலுக்குள் அடங்கினால்தான் களவா, விளமீன் போன்ற பார் மீன்கள் இருக்கும் ஆழத்தில் இரை நிற்கும்.

எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிச் சமாளித்தால் எரிபொருள் தீர்கிறது, பின்பக்கம் அலை ஏறுகிறது. கல்லையோ இரும்பு நங்கூரத்தையோ இழுபட விட்டால் பவளம் உடைகிறது. 1986இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளை ஒட்டித்தான் நம் தொழில் நடக்கிறது. இன்று உடைக்கும் பார் நாளைக்கு மீன் தராது.

இதற்கு ஏற்றது தண்ணீருக்குள் விரிந்து இழுக்கும் துணி நங்கூரம். 28 முதல் 30 அடிப் படகுக்கு, வாய் அகலம் 1.2 முதல் 1.5 மீட்டர் உள்ள கூம்பு போதும். கெட்டி நைலான் துணியில் தைத்து, கூம்பின் முனையில் 10 சென்டிமீட்டர் துளை விட வேண்டும். துளை இல்லாவிட்டால் நங்கூரம் நிலைகொள்ளாமல் அலையும். வாயைச் சுற்றி 8 கயிறுகள், எல்லாம் ஒரே நீளம். ஒன்று குட்டையானாலும் கூம்பு சுழன்று முறுக்கிக்கொள்ளும். அவை சேரும் இடத்தில் ஒரு சுழல் கொக்கி, வாயின் அடிப்பக்கம் 1 கிலோ ஈயம். அங்கிருந்து 25 மீட்டர் நீளத்துக்கு 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு. கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ஹோஸ் குழாயைச் சுற்றுங்கள். அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

பலரும் கட்டாமல் விட்டுவிடுவது, நங்கூரத்தைத் திரும்ப ஏற்ற உதவும் இழுகயிற்றை. 1.5 மீட்டர் வாய், 1 கடல் மைல் வேகத்தில் ஏறத்தாழ 30 கிலோ இழுக்கும். 2 கடல் மைலில் 120 கிலோ. அதைப் பெரிய கயிற்றால் இழுத்து ஏற்றப் பார்த்தால் கை பிய்ந்துவிடும். கூம்பின் முனையில் ஒரு மிதவையும், பெரிய கயிற்றைவிட 5 மீட்டராவது நீளமான மெல்லிய கயிறும் கட்டிப் படகில் தளர்வாக வைத்திருக்க வேண்டும். அந்தக் கயிற்றை இழுத்தால் கூம்பு தலைகீழாகி, தண்ணீர் வழிந்து, வெறும் துணியாக வரும்.

கட்டும் இடம் அணியம் (படகின் முன்பக்கம்) மட்டுமே. எஞ்சின் இருக்கும் பின்புறம் தாழ்வானது; அங்கே கட்டினால் அலை நேராக உள்ளே ஏறும். எஞ்சினை அணைத்த பிறகே இறக்குங்கள், ஏற்றி முடித்த பிறகே கிளப்புங்கள். எஞ்சின் விசிறியில் கயிறு சுற்றினால் நடுக்கடலில் வேறு வழியில்லை. படகு அலையின் முகட்டில் இருக்கும்போது நங்கூரம் பள்ளத்தில் இருந்தால் கயிறு வெட்டி வெட்டி இழுக்கும். அப்போது கயிற்றை 2, 3 மீட்டர் விட்டோ இழுத்தோ சரிசெய்யலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இது காற்றைத்தான் அடக்கும், நீவாட்டை (கடல் நீரோட்டத்தை) அடக்காது. தண்ணீரைப் பிடித்து நிற்பதால் தண்ணீர் போகும் பக்கம் படகும் போகும். எஞ்சின் பழுதாகிப் பெருங்காற்றில் சிக்கினால் இந்த அளவு போதாது, அதற்கு 3.5 மீட்டர் பாராசூட் நங்கூரம் வேண்டும். கச்சான் கரையை விட்டு விலக்கித் தள்ளும் காற்று என்பதால் அதையும் சங்கத்தில் சிலவாவது வாங்கி வையுங்கள்.

ஆளுக்கொருவர் வாளியையும் கூடையையும் கட்டிப் பார்க்கிறார்கள். வாளியின் கைப்பிடி முதல் பெரிய அலையிலேயே கழன்றுவிடும். சங்கமே துணியும் கயிறும் மொத்தமாக வாங்கி, பங்குனிக்குள் தைத்து முடித்தால் கச்சானுக்கு முன் படகுக்கு ஒன்று கொடுத்துவிடலாம். கொடுக்கும் நாளில், அமைதியான கடலில் ஒவ்வொரு படகும் ஒருமுறை இறக்கி ஏற்றட்டும். ஜிபிஎஸ்ஸில் நங்கூரம் இல்லாமல் 5 நிமிடம், நங்கூரத்தோடு 5 நிமிடம் ஓட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பாரில் தூண்டில் போடும் பைபர் படகுத் தொழிலாளர்கள்