முரளிக்கு, நைனா எழுதுவது

முரளி,

நீ அனுப்பிய படகு போட்டோ பதினேழும் வந்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள், அப்புறம் முதலில் இருந்து இன்னொரு தடவை பார்த்தாள். எனக்கு எஞ்சின் ரூம் போட்டோ ஒன்றே போதும். 1978-இல் சிங்கப்பூரில் கட்டிய கிராண்ட் பேங்க்ஸ் 36 என்று எழுதியிருந்தாய். அத்தனை வருஷம் ஆன எஞ்சினுக்கு அடியில் தட்டில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. குழாய் கிளிப்பு ஒவ்வொன்றும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது. வாங்கும்போதே நன்றாக வைத்திருந்தார்கள் என்றாய், ஆனால் கிளிப்பைத் திருப்பி வைத்த கை உன் கைதான், எனக்குத் தெரியும். கொட்டகைக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் காட்டினேன்.

எஞ்சின் லேமன் 120, ஃபோர்டு டீசல்தானே, ஆறு சிலிண்டர், அது ஓடும். ஆனால் அதன் டீசல் பம்புக்கு எஞ்சின் ஆயில் போகாது, தனி ஆயில், 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். டீசல் கசிந்து அதில் கலந்து நீர்த்துப்போகும், வெளியே தெரியாது. குறித்து வை. அப்புறம் மேல்தளத் தேக்குப் பலகை. எல்லாம் திருகாணியில் நிற்பது. ஒரு திருகாணியின் மேல் மூடி கழன்றாலும் தண்ணீர் அது வழியாகவே இறங்கி, கீழே இருக்கிற இரும்பு டீசல் டேங்கின் தலையில் சொட்டும். டேங்க் மேலே இருந்து துருப்பிடிக்கும். மழைக்கு மறுநாள் கையை விட்டுத் தடவிப் பார்.

சியாட்டலில் இருந்து அலாஸ்கா போகப்போவதாக எழுதினாய். ஆயிரம் கடல் மைல் என்கிறார்கள். தண்ணீரில் படுகிற நீளம் முப்பத்தைந்து அடி என்றால் எவ்வளவு முறுக்கினாலும் மணிக்கு எட்டு கடல் மைல் வேகம்தான், ஏழில் போனால்தான் டீசல் கட்டும். அது மணிக்கு 13 கிலோமீட்டர், எஞ்சினுக்கு நாசில் வாங்க நான் குடியாத்தத்தில் இருந்து வேலூருக்குச் சைக்கிள் மிதித்த வேகம். நம் ஊரில் ஆற்றில் தண்ணீர் பார்ப்பதே அதிசயம், நீ சொந்தப் படகில் கடலுக்குப் போகிறாய், எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஒரு போன் இல்லை. அம்மா கையில் போனை வைத்துக்கொண்டே கூழ் ஊற்றினாள்.

ஒற்றை எஞ்சின் என்கிறாய். கூட யாராவது வருகிறார்களா? படுக்கை போட்டோவில் தலையணை ஒன்றுதான் இருக்கிறது என்று அம்மாதான் கவனித்தாள். படகில் இடம் கம்மி, அதனால் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சுதா நம்பருக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. வேலை அதிகமாக இருக்கும். பம்பு ஆயில் 50 மணி நேரம், மறக்காதே.

வாலாஜா விஷயம் உனக்கு அரைகுறையாகத் தெரியும். ஆயாவுக்கு உடம்பு சரியில்லாததால் அம்மா உன்னோடு அங்கே ஆயா வீட்டில் இருந்தாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஆயா நன்றாகத்தான் இருந்தார்கள். ஒரு ராத்திரி சண்டை, மறுநாளே பஸ் ஏறியிருந்தால் முடிந்திருக்கும். நான் ஏறவில்லை. எட்டு மாதம். வீட்டுக்குப் போகாமல் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டு, யாரோ பழசு என்று போட்டுவிட்டுப் போன 5 எச்பி ஆயில் எஞ்சினைப் பிரித்தேன். ஒரு போல்ட் விடாமல் மண்ணெண்ணெயில் கழுவி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்து, பச்சை பெயின்ட் அடித்து ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. திரும்பப் பிரித்தேன். பார்த்தவர்கள் தொழில்காரன் என்றார்கள், நானும் வேலை இருக்கிறது வேலை இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் உங்கள் இரண்டு பேரையும் அழைத்து வந்தது நான் இல்லை, உன் தாத்தா. உனக்கு மூன்று வயது. வாசலில் நின்று என்னை மாமா என்று கூப்பிட்டாய். அம்மா உள்ளே போய்விட்டாள்.

இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. அந்த கிளிப்புகளைத் திரும்பவும் பார்த்தபோது, ராத்திரி எல்லாம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஒழிய அப்படி வராது என்று தோன்றியது. அதற்கப்புறம் அந்தப் போட்டோவை யாருக்கும் காட்டவில்லை.

மேல்தளத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேனே, அதைச் செய். பணம் கிணம் வேண்டுமென்றால் கூச்சப்படாதே.

எதிர்வீட்டுப் பெண் அடுத்த வாரம் சியாட்டல் கிளம்புகிறாள். சுதாவுக்குப் பிடிக்கும் என்று அம்மா எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு, எண்ணெய் கசியாமல் இரண்டு டப்பா கட்டி வைத்திருக்கிறாள். இரண்டையும் ஒரே விலாசத்தில் கொடுக்கச் சொல்லலாமா, என்ன விலாசம் என்று எழுது.

நைனா