அரக்கு கலர் ஷூ போட்டால் ஆபிஸ் ஒழுக்கம் கெட்டுவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில், வேலைக்குப் போகும் ஆண்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று அரைப்பக்கம் வந்திருந்தது. சட்டை வரைக்கும் சரி. ஷூவுக்கு வந்ததும் கறுப்பு போடுங்கள், மிஞ்சினால் பிரவுன், மற்ற கலரெல்லாம் கோமாளித்தனம் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார் எழுதியவர். நான் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன், அதில் கடைசி இரண்டு வருடம் அரக்கு கலர் ஷூ போட்டுக்கொண்டுதான் போகிறேன். ஆக அந்தக் கோமாளி நான்தான், பதில் எழுதும் உரிமையும் எனக்குத்தான் முதலில்.

ஷூ எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். லேஸ் கிடையாது. மேலே குறுக்காக இரண்டு தோல் பட்டை, பக்கவாட்டில் இரண்டு பித்தளை நிற பக்கிள். மாங்க் ஸ்ட்ராப் என்பார்கள், அந்தக் காலத்து ஐரோப்பியத் துறவிகள் போட்டிருந்த பட்டை வைத்த செருப்பிலிருந்து வந்ததாம். துறவி போட்டதைப் போட்டதற்குத்தான் எனக்கு ஒழுக்கம் போதவில்லை என்று பேச்சு! கலர் மெரூன் என்று பில்லில் இருந்தது, ஆனால் வீட்டில் பார்த்ததும் சொன்ன வார்த்தை அரக்கு. என் மாமியார் ஒரு படி மேலே போய், "கூறைப்புடவை கலர்ல ஷூவா மாப்பிள்ளை?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஜவுளிக்குப் பேர் போன பர்கூர்க்காரர், எதைப் பார்த்தாலும் அவருக்குப் புடவையாகத்தான் தெரியும்.

ஆபிசில் முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மாதாந்திர மீட்டிங். மேனேஜர் என் ஃபைலைப் பார்ப்பதற்கு முன்னால் மேஜைக்கு அடியில் பார்த்தார். ஏதாவது விசேஷமா, கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்துவிட்டீர்களா என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரம் கைரேகை வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ஊழியர்கள் கண்ணியமான காலணி அணிந்து வர வேண்டும். கண்ணியம் என்றால் என்ன சார் என்று போய்க் கேட்டேன். கறுப்பு என்றார்கள்.

கறுப்பு போட்டு வருகிறவர்களின் கண்ணியத்தை நான் தினமும் பக்கத்து நாற்காலியில் பார்க்கிறேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். ரெக்ஸின் ஷூ, விரல் மடங்கும் இடத்தில் வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்து உள்ளே வெள்ளைத் துணி தெரியும். லேஸை அவிழ்த்துக் கட்டச் சோம்பல்பட்டு, பின்பக்கத்தை மிதித்து மிதித்து அதைச் செருப்பாகவே ஆக்கிவிட்டார். மத்தியானம் மேஜைக்கடியில் கழற்றி வைத்தார் என்றால் அந்தப் பக்கம் டிபன் பாக்ஸைத் திறக்க முடியாது. அவருக்கு இதுவரை ஒரு வார்த்தை கிடையாது. கறுப்பு ஆச்சே!

இந்தக் கறுப்பு நமக்கு எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன். விளையாட்டு பீரியடுக்கு வெள்ளை கேன்வாஸ், மற்ற நாளெல்லாம் கறுப்பு, திங்கட்கிழமை அசெம்பிளியில் பி.டி. சார் காலைப் பார்த்துக்கொண்டே வருவார். முழங்கால் தெரியும் டிரவுசரை விட்டு பேன்டுக்கு வந்தோம், மீசை வந்தது, வேலை வந்தது, கல்யாணம் ஆனது, அந்த ஷூவை மட்டும் ரிட்டையர் ஆகும் வரைக்கும் விடுவதில்லை. பி.டி. சார் இடத்தில் மேனேஜர், அவ்வளவுதான்.

அப்புறம், நம் ஊர் மண்ணை யாராவது யோசித்தார்களா? ராயக்கோட்டை ரோட்டில் காலை ஒன்பது மணிக்குப் பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவோடு பஸ் ஏறுகிறீர்கள். இறங்கி அரை ஃபர்லாங் நடந்தால் போதும், செம்மண் தூசி ஏறி கறுப்பு செத்து, காவியும் சாம்பலும் கலந்த ஏதோ ஒரு நிறம் வந்துவிடும். தூசியை அப்பட்டமாகக் காட்டிக்கொடுப்பதில் கறுப்புக்கு நிகர் கிடையாது, கறுப்பு கார் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். அரக்கில் செம்மண் படிந்தால் அதுவும் அந்தக் கலரோடு கலரிலேயே போய்விடுகிறது. வெல்ல நிறத்து டான் ஷூவில் அந்தத் தூசி அடியோடு தெரியாது. லண்டன்காரன் தன் ஊர் மழைக்கும் புகைக்கும், ஆபிசுக்குக் கறுப்புதான், பிரவுன் எல்லாம் கிராமத்துக்கு என்று ஒரு காலத்தில் சட்டம் வைத்துக்கொண்டான். அவனே இப்போது அதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி புழுதியில் நின்றுகொண்டு நாம் ஏன் அதைக் காப்பாற்ற வேண்டும்?

நான் இந்த ஷூவை வாங்கியது லண்டனிலும் இல்லை, பெங்களூர் மாலிலும் இல்லை. ஆம்பூரில். இங்கிருந்து சென்னை ரோட்டில் பர்கூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி தாண்டினால் ஒன்றரை மணி நேரம். பிரியாணிக்காகப் போகிறவர்கள் அதிகம். எனக்கும் போன காரணம் அதுதான், ஷூ வாங்கியது திரும்பும் வழியில். ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சியதையும், சின்னக் குறை என்று ஒதுக்கியதையும் ரோட்டோரக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கரும்பச்சை, நீலம், அரக்கு, தேன் கலர், மொசுமொசுவென்று சூயட், ஓட்டை ஓட்டையாகப் பூ வேலை செய்த புரோக். எல்லாம் ஐரோப்பாக்காரன் ஆபிசுக்குப் போட்டுக்கொண்டு போவதற்காக நம் பக்கத்து மாவட்டத்துப் பெண்களும் ஆண்களும் தைத்தது. இதோ பர்கூர் சிப்காட்டிலேயே விளையாட்டு ஷூ தைக்க வேனிலும் பஸ்ஸிலும் எத்தனை பெண்கள் தினமும் போகிறார்கள். உலகத்துக்கெல்லாம் கலர் கலராகத் தைத்து அனுப்பிவிட்டு நாம் போடும்போது மட்டும் கோமாளியா? என்னுடையதில் உள்ள குறை, இடது பக்கிள் ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கிறது. 3,200 ரூபாய். கடைக்காரர் காட்டியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அந்தப் பூ வேலை ஓட்டை பற்றி ஒன்று. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சதுப்பு நிலத்தில் நடந்தவர்கள், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறட்டும் என்று தோலில் ஓட்டை போட்டார்களாம், அதுதான் பிற்பாடு அலங்காரமாகி ஆபிசுக்கு வந்தது என்பார்கள். அதாவது சேற்றில் நடந்தவன் ஷூ. நம்மூரில் நாற்று நட இறங்குகிறவனைப் போன்ற ஒருவன் காலில் இருந்தது. இன்றைக்குக் கறுப்பு புரோக் போட்டு வந்தால் மேனேஜர் எழுந்து நிற்பார்.

சரி, கலரை விடுங்கள். உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டியது வேறு. கறுப்பு, கண்ணியம் என்று நம்பி நானும் ஒரு காலத்தில் ஒரு நல்ல ஜோடி வாங்கினேன், விசேஷத்துக்கு மட்டும் என்று அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண் மேல் வைத்தேன். ஐந்தாறு வருடம் கழித்து காவேரிப்பட்டணத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், எடுத்துத் துடைத்தேன், புதுசு மாதிரியே இருந்தது, போட்டுக்கொண்டு போனேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள். நடக்க நடக்க ஏதோ காலடியில் நொறுங்குகிற மாதிரி இருந்தது. இலையில் உட்கார்ந்த பிறகு திரும்பிப் பார்த்தால், வாசலிலிருந்து என் இலை வரைக்கும் கறுப்புத் தூள், காய்ந்த முறுக்கை மிதித்துக்கொண்டு வந்த மாதிரி. எழுந்தபோது வலது கால் சோல் பாதி தரையிலேயே நின்றுவிட்டது. சாம்பார் வாளியோடு வந்த பையன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போனான்.

பிறகுதான் விசாரித்தேன். பி.யு. (பாலியூரிதேன்) சோல் என்று எடை குறைவாக, மெத்தென்று வருகிறதே, அது காற்றில் இருக்கும் ஈரத்திலேயே வருடக்கணக்கில் உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்குமாம். பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் தப்பாது, போடாமல் வைப்பதுதான் இன்னும் மோசமாம். எத்தனை பேர் பரணில் மாப்பிள்ளை ஷூ இருக்கிறது! இதை எழுதியிருந்தால் அரைப்பக்கம் உருப்படியாக இருந்திருக்கும். சோலை ஒட்டியிருக்கிறார்களா, தைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது எப்படி என்று எழுதலாம். மேல் தோலுக்கும் சோலுக்கும் நடுவில் ஒரு பட்டை வைத்துத் தைத்தது, வெல்ட் என்பார்கள், தேய்ந்தால் பிரித்து வேறு சோல் போட்டுக்கொள்ளலாம். விலை அதிகம். என்னுடையது ஒட்டினதுதான், பொய் சொல்லவில்லை.

அளவு பற்றியும் ஒரு வரி இல்லை. நம் காலுக்கு முன்பக்கம் அகலம், இங்கிலாந்து அளவில் வரும் ஷூ விரலை நெருக்கும், அதற்காக ஒரு நம்பர் பெரிதாக வாங்கிக் குதிகால் லொடலொடவென்று ஆட நடப்போம். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து, இந்தியக் காலுக்கென்றே தனி அளவுமுறை கொண்டுவர வேலை பார்த்திருக்கிறது. அது கடைக்கு வரும்வரை, சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் பூராவும் நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது பொருந்தினால்தான் அது உங்கள் ஷூ.

பராமரிப்பில் எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் எப்போதும் போகும் ஒரு அண்ணனிடம் பாலிஷ் போடக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கடைகளில் கிடைப்பது கறுப்பு, டார்க் டான், அப்புறம் கலரில்லாத நியூட்ரல், இவ்வளவுதான். அரக்குக்கு நியூட்ரல் போடச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவர் கை பழக்கத்தில் கறுப்பு டப்பாவைத் திறந்து ஷூ நுனியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறிப்போய் துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். காசு வேண்டாம் சார் என்றார். விடுங்கண்ணா என்று சொல்லிவிட்டுப் பார்த்தால், நுனியில் கறுப்பும் போகப் போக அரக்குமாக, பழுத்த நாவல்பழத்தைக் கடித்த மாதிரி ஒரு நிறம். வெளிநாட்டில் இதற்கு பட்டினா என்று பெயர் வைத்துத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். இப்போது மாதம் ஒரு முறை நானே அந்த நுனிக்கு மட்டும் கறுப்பு போடச் சொல்கிறேன். அவரும் போடும்போது தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொள்கிறார்.

தினம் ஒரே ஜோடியைப் போடாதீர்கள், வியர்வை காய ஒரு நாள் விடுங்கள். மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காமல் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வையுங்கள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். நான் திணிப்பது உங்கள் பேப்பர்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம், படித்து முடித்த பிறகுதான்.

எல்லாக் கலர் ஷூவுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. மயில் கழுத்து நீலத்தில், முதலைத் தோல் மாதிரி அச்சடித்து, முனை ஊசியாக அரை அடி முன்னால் போகிற ஷூவை அன்றைக்கு ரவுண்டானா பக்கம் பார்த்தேன், மேலே பூப்போட்ட சட்டை வேறு. எனக்கே கண் கூசியது. கால் பேசினால் சட்டை சும்மா இருக்க வேண்டும், நான் வெள்ளை இல்லாவிட்டால் வெளிர்நீலம், கட்டம்கூடக் கிடையாது. கிரானைட் யார்டுக்குக் கணக்கெடுக்கப் போகும் நாளில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூதான், அங்கே போய் அரக்கு, அழகு என்று நிற்க எனக்குப் பைத்தியமில்லை.

காலில் என்ன போடலாம் என்று அடுத்தவர் சொல்வது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. என் தாத்தா அரூர் பக்கத்துக் கிராமத்தில் சில தெருக்களைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனவர். அப்பா கழற்றவில்லை, அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. மேனேஜர் அந்த மாதிரி ஆள் இல்லை, அவர் சிரித்ததையும் அதையும் ஒன்றாகச் சேர்க்க மாட்டேன். ஆனால் நோட்டீஸைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது தாத்தாவின் கைதான்.

நோட்டீஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஒரு ஓரம் பிய்ந்து தொங்குகிறது. நானும் தினமும் அதற்கு எதிரில் நின்று விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதாக இருந்தால் மாமியார் பகுதியை முதலில் வெட்டுங்கள், அவர் வீட்டிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
அரக்கு ஷூ வாசகர்,
கிருஷ்ணகிரி.