கவினைப் பெங்களூருக்கு அனுப்பலாமா

மான்செஸ்டர்
டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகன்யா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே அண்ணி, கவின், பாப்பா எல்லோரும் நலம்தானே? அம்மாவிடம் சர்க்கரை எவ்வளவு என்று போனில் கேட்டால் "அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று மழுப்புகிறார். ரிப்போர்ட்டை ஒரு போட்டோ எடுத்து நீங்களே அனுப்பிவிடுங்கள்.

கவின் பெங்களூரில் ஏதோ ராக் கச்சேரிக்குப் போக ஒன்பதாயிரம் கேட்கிறான், கொடுக்கலாமா, "இந்தப் பைத்தியமெல்லாம் உனக்குத்தான் தெரியும், நீயே சொல்லு" என்று கேட்டிருந்தீர்கள். போனில் பேசினால் அண்ணி நடுவில் போனை வாங்கிக்கொள்வார், அப்புறம் பேச்சு என் கல்யாணத்துக்குப் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

அனுப்புங்கள் அண்ணா. ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கிற விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அதற்கு மேல் கொடுக்கிற காசு கிடார் வாசிக்கிறவனுக்குப் போவதில்லை.

இந்த விலை எப்படி ஏறுகிறது என்று இங்கே கண்ணால் பார்த்தேன். போன வருஷம் ஆகஸ்ட் 31 அன்று ஓயாசிஸ் குழுவின் டிக்கெட் விற்பனைக்கு வந்தது. இந்த ஊர்க் குழு. அண்ணன் பாட்டு எழுதிக் கிடார் வாசிக்க, தம்பி பாடுவார். பங்காளிச் சண்டை முற்றி 2009-இல் பிரிந்தவர்கள், பதினைந்து வருஷம் கழித்து மறுபடி சேர்ந்தார்கள். ஊரே காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆன்லைன் வரிசையில் நின்றது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் டீ இடைவேளையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நின்று பார்க்கிற டிக்கெட் ஏறக்குறைய 150 பவுண்டு என்று நினைத்துக் காத்திருந்தார்கள். மணிக்கணக்காகக் காத்து உள்ளே போன பலருக்கு அதே டிக்கெட் 355 பவுண்டு என்று காட்டியது. நம் காசுக்கு நாற்பதாயிரம்! தீபாவளிக்கு முந்தின நாள் ஆம்னி பஸ்காரர்கள் செய்கிற அதே வேலைதான்.

எல்லோரும் டைனமிக் பிரைசிங் என்று சொல்லித் திட்டினார்கள். சிஎம்ஏ என்று இங்கே சந்தைப் போட்டியைக் கவனிக்கிற அரசு அமைப்பு ஒன்று இருக்கிறது, அவர்கள் விசாரித்தார்கள். கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு நிமிஷம் விலையை ஏற்றவில்லையாம். ஒரே மாதிரி டிக்கெட்டுக்கு முதலிலேயே இரண்டு விலை வைத்திருந்தார்கள். குறைந்த விலை தீர்ந்ததும் கூடின விலையை விற்றார்கள், வரிசையில் நின்றவர்களிடம் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. இனிமேல் இப்படி அடுக்கு விலை வைத்தால் 24 மணி நேரம் முன்பே சொல்லிவிடுகிறோம் என்று டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் இந்த வருஷம் செப்டம்பரில்தான் ஒத்துக்கொண்டது. சொல்லிவிட்டு விற்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வாங்கவில்லை. ஜூலையில் இங்கே ஹீட்டன் பார்க்கில் ஐந்து ராத்திரி நடந்தது. டிக்கெட் கிடைக்காதவர்கள் பார்க்கிலேயே வெளிப்பக்கம் இருந்த ஒரு மேட்டில் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். அந்த மேட்டுக்குச் சகோதரர்களின் குடும்பப் பெயரையே வைத்து கேலகர் மேடு என்று பேர் சூட்டிவிட்டார்கள். கடைசியில் மாநகராட்சி வந்து வேலி போட்டது.

பாடுகிறவனுக்குத்தான் பேராசை என்று அண்ணி சொல்வார். பாதி சரி. கச்சேரி நடத்துகிற லைவ் நேஷனும் டிக்கெட் விற்கிற டிக்கெட்மாஸ்டரும் 2010-இல் ஒன்றாகிவிட்டன. குழுவை ஊர் ஊராகக் கூட்டிப் போகிறவரும் அவரே, டிக்கெட் விற்கிறவரும் அவரே, பல அரங்குகளும் அவர் கையிலேயே. இது போட்டியையே அழிக்கிறது என்று அமெரிக்க அரசு 2024 மே மாதம் வழக்குப் போட்டது. இதற்கெல்லாம் வெகு முன்பே, 1994-இல், பேர்ல் ஜாம் குழு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போய்ச் சாட்சி சொன்னது. எங்கள் டிக்கெட் 18.50 டாலர், அதன் மேல் சேவைக் கட்டணம் 1.80 டாலருக்கு மேல் கூடாது என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்தக் கோடைச் சுற்றுப்பயணத்தையே ரத்து செய்து பார்த்தார்கள். அடுத்த வருஷம் அரசு விசாரணையை மூடிவிட்டது. என் ஹாஸ்டல் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்த படம் ஞாபகம் இருக்கிறதா, அந்தக் குழுதான். இப்போது அவர்களே பிரீமியம் டிக்கெட் என்று ஒரு பகுதியைச் சந்தை விலைக்கு விற்கிறார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

ஆனால் குழு நினைத்தால் முடியும் என்பதுதான் என் கட்சி. 2023-இல் த க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் அமெரிக்காவில் சில இடங்களில் 20 டாலருக்கே டிக்கெட் வைத்தார். சேவைக் கட்டணம் என்று அந்த டிக்கெட் விலை அளவுக்கே மேலே போட்டிருந்தார்கள். மனிதர் வெளிப்படையாகச் சண்டை போட்டார். டிக்கெட்டுக்கு 5 டாலர், 10 டாலர் என்று திருப்பிக் கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லை. கேட்டு வாங்கினார் பாருங்கள், அது பெரிசு.

நம்ம ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வரும்போது யார் டிக்கெட் வாங்கினோம்? தலைக்கட்டு வரி போட்டு, மில் ஓனர்களிடம் நன்கொடை வாங்கி, கமிட்டி மொத்தமாகப் பேசி முடித்துவிடும். வரி கொடுக்காத வீட்டுப் பிள்ளையும் முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருக்கும். வள்ளி கும்மிக்கும் அப்படியே. போன வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்களே பத்திரப்பன் ஐயா, அவர் வாழ்நாள் முழுக்கக் கும்மி கற்றுக் கொடுத்தது டிக்கெட் கவுன்டர் வைத்தா? என்ன, நம்மூரில் பத்து மணி என்று நோட்டீசில் போட்டுவிட்டுப் பதினொன்றரைக்குத்தான் மைக் டெஸ்டிங்கே நடக்கும். இங்கே ஏழு மணிக்குக் கதவு திறந்தால் ஏழரைக்கு முதல் குழு, ஒன்பதுக்குப் பெரிய குழு, பதினொன்றுக்குள் விளக்கைப் போட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலை டூட்டி உள்ளவளுக்கு அது வசதிதான்.

சரி, கவின் விஷயம். நம் நாட்டில் விலை ஏறுவதற்குக் காரணம் வேறு. ஐரோப்பாவில் ஒரு ஊரில் ராத்திரி கச்சேரி முடிந்தால் மேடை, லைட், ஸ்பீக்கர் எல்லாம் லாரியில் ஏறிக் காலையில் அடுத்த ஊரில் நிற்கும். செலவு இருபது முப்பது ஊருக்குப் பிரிந்துவிடும். இந்தியாவுக்கு விமானத்தில் கொண்டுவந்து ஒன்றிரண்டு கச்சேரி வாசித்துவிட்டுப் போனால் மொத்தச் செலவும் அந்த ஒன்றிரண்டின் தலையில்தான் விழும். எப்போதாவது வருகிறார்கள் என்பதால் வந்தபோது என்ன விலை சொன்னாலும் பிள்ளைகள் கொடுக்கத் தயார். இந்த ஜனவரியில் கோல்ட்பிளே ஆமதாபாத்தில் இரண்டு நாள் நடத்தியபோது ஒவ்வொரு நாளும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூட்டம். அவர்களுடைய மும்பைக் கச்சேரிக்கு 2,500 ரூபாயில் டிக்கெட் ஆரம்பித்தது. அதைப் பதுக்கியவர்கள் லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். இங்கேயும் அந்த வியாபாரம் உண்டு. போட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்யக்கூடாது என்று சட்டம் கொண்டுவரப் போவதாகப் போன மாதம்தான் அரசு அறிவித்தது. அயர்லாந்தில் 2021-லேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

அதனால் கவினிடம் சொல்லுங்கள்: அவன் சொன்ன ஒன்பதாயிரம் அந்தக் கச்சேரிக்காரர்களே வைத்த விலையா, இல்லை டெலிகிராமில் எவனோ சொன்ன விலையா என்று முதலில் காட்டட்டும். இரண்டாவது என்றால் கம்மென்று வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் மைதானத்தில் மெட்டாலிகா. இந்தியாவில் அவர்கள் வாசித்த முதல் கச்சேரி. இரண்டு நாள் முன்னால் டெல்லிப் பக்கம் குர்கானில் நடக்க வேண்டியது, கூட்டம் தடுப்பைத் தள்ளியதால் ரத்தாகிவிட்டது. அதைப் பேப்பரில் பார்த்த அப்பா, கோவையில் படித்துக்கொண்டிருந்த என்னை விடவே மாட்டேன் என்றார். நீங்களும் அப்பா பக்கம்தான் நின்றீர்கள். பையன் கேட்டதும் எனக்குக் கடிதம் போடுகிறீர்கள், ம்.

அம்மா பயப்படுவது எனக்குப் புரிகிறது. செப்டம்பரில் கரூரில் 41 பேர் நெரிசலில் போன பிறகு கூட்டம் என்றாலே யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். இந்த ஊரும் அடிபட்ட ஊர்தான். 2017 மே 22 அன்று இங்கே ஒரு கச்சேரி முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். அதில் மகனை இழந்த ஒரு தாய் விடாமல் போராடியதால் இந்த வருஷம் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. இப்போது பெரிய அரங்குகளுக்குச் சின்னப் பையோடுதான் போக முடியும், அதையும் திறந்து காட்ட வேண்டும். முன்தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற காவலர்கள் தண்ணீர்க் கோப்பையைக் கையோடு கை மாற்றி உள்ளே அனுப்புவார்கள். மயங்குகிற பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கி வெளியே எடுப்பார்கள். அங்கே அந்த ஏற்பாடு எப்படி இருக்குமோ, கவின் முன்வரிசைக்கு முண்டியடிக்காமல், கூட்டத்துக்கு நடுவே சவுண்ட் மிக்சர் வைத்திருக்கிற சின்ன மேடை ஓரமாக நிற்கட்டும். ஓசை சரியாகக் கேட்கிற இடமும் அதுதான். முடிந்ததும் ராத்திரியே பஸ் தேட வேண்டாம், ஓசூரில் பெரியம்மா மகன் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் வரட்டும்.

இன்னொன்று, காதுக்கு நுரை அடைப்பான் வாங்கிக் கொடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும், ஐம்பது ரூபாய்கூட ஆகாது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்குகிற காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது எங்கள் படிப்புக் கணக்கு. ராக் கச்சேரி சாதாரணமாகவே நூறைத் தொடும். சோமனூர் மாமா தறி ஓட்டியே காது போய், இன்றைக்கு டிவியை எவ்வளவு சத்தமாக வைக்கிறார் என்று கவினுக்குத் தெரியும்.

இனி உங்கள் சங்கதிக்கு வருகிறேன். போன வாரம் இங்கே ஒரு சின்ன ஹாலில் கச்சேரி பார்த்தேன். டிக்கெட் 14 பவுண்டு, இருநூறு பேர் நின்றால் மூச்சு முட்டும். நான்கு பேர் குழு. டிரம்ஸ் வாசிக்கிற பையனே வேனிலிருந்து டிரம்மை இறக்கினான். மூன்றாவது பாட்டில் பாடுகிற பெண்ணின் கிடாரில் தந்தி அறுந்தது. அவள் பாட்டை நிறுத்தவில்லை. பேஸ் வாசிக்கிறவன் அதே நாலு ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்க, தரையில் மண்டியிட்டுப் பாடிக்கொண்டே புதுத் தந்தி மாட்டி, முறுக்கி, சுருதி பார்த்து எழுந்தாள். ஸ்டேடியத்தில் இதைப் பார்க்க முடியுமா? அங்கே நாம் பார்ப்பது திரையைத்தான்.

முடிந்ததும் அவளே வாசலில் ஒரு மேஜை போட்டு, கார்டு மிஷின் வைத்து டி-ஷர்ட் விற்றாள், 20 பவுண்டு. பழக்க தோஷம், வாங்கி உள்புறம் திருப்பிப் பார்த்தேன். கழுத்து ரிப் அதற்குள் தளர்ந்திருக்கிறது. தோள் ஓவர்லாக்கில் நூல் தொங்குகிறது. முன்பக்கம் பிளாஸ்டிசால் மையைக் கெட்டியாக அடித்திருக்கிறார்கள், இழுத்தால் வெடிக்கிறது. "இந்தத் தொழிலா நீங்கள்?" என்று சிரித்தாள். அண்ணன் திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார் என்றேன். அப்புறம் அரை மணி நேரம் பேசினோம். டீசலும் தங்குகிற அறையும் போக டிக்கெட்டில் ஒன்றும் மிஞ்சாதாம், டி-ஷர்ட்தான் சோறு போடுகிறதாம். பெரிய அரங்குகளில் முதல் குழுவாக வாசிக்கப் போனால் அந்த டி-ஷர்ட் விற்பனையிலும் 25 சதவீதம் வரை அரங்குக்காரர் எடுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் 20 சதவீத வாட். கமிஷன் கேட்காத அரங்குகளின் பட்டியலைக் கலைஞர்கள் சங்கம் ஒன்று 2022-இல் வெளியிட்டது, சின்ன ஹால்கள்தான் அதில் அதிகம். அந்த மாதிரி ஹால்களும் நிற்பதில்லை. 2023-இல் மட்டும் இந்த நாட்டில் 125 இடங்கள் கச்சேரியை நிறுத்திவிட்டன. ஸ்டேடியம் டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு எடுத்து இவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சில குழுக்கள் தாங்களாகவே கொடுக்கின்றன.

அந்தப் பெண் வருகிற மார்ச்சில் சுற்றுப்பயணம் போகிறாள். அவளுக்கு 150 பீஸ் வேண்டும். கருப்பு, 180 ஜிஎஸ்எம், காம்ப்டு காட்டன், முன்னால் இரண்டு கலர், பின்னால் ஒரு கலரில் ஊர்ப் பெயர்கள். பிளாஸ்டிசால் வேண்டாம், துணிச் சாயத்தையே வெளுக்கவைத்து அடிக்கிற டிஸ்சார்ஜ் பிரிண்ட் போட்டால் நன்றாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். எல், எக்ஸ்எல் அதிகம். இவ்வளவு சின்ன ஆர்டரை எடுப்பீர்களா? ஸ்கிரீன் சார்ஜ் தனியா, பீஸ் ரேட்டிலேயே சேருமா? ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் சுங்க வரி இல்லாமல் போகும் என்கிறார்கள். மார்ச்சுக்குள் வராவிட்டால் வரியோடு சேர்த்தே ரேட் போடுங்கள். கூரியரா, உங்கள் எக்ஸ்போர்ட் நண்பர்கள் பெட்டியில் சேர்த்து அனுப்பலாமா என்றும் விசாரித்துப் பொங்கலுக்குள் சொல்லுங்கள். அவளுடைய டிசைன் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், கவினைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
சுகன்யா