டிராக்டர் விஷயமாக அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். போனில் உன்னிடம் சொன்னதில் பாதி பொய். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். டிராக்டர் இன்ஜின் போனது டிரைவரால் இல்லை, என்னால்.

வாய்க்காலில் தண்ணீர் வந்த நேரம். ஊரே சேற்றுழவுக்கு வண்டி கேட்டு நின்றது. முந்தின நாள் மாலையே, வண்டி நின்ற இடத்தில் தண்ணீர்மேல் மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தேன். டீசல் சிந்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். காலையில் டிரைவர், "ஐயா, சிவப்பு விளக்கு அணையவில்லை" என்றான். "மழையில் ஒயர் நனைந்திருக்கும், ஓட்டு" என்றேன். ஆயில் பிரஷர் இல்லை என்று வண்டியே சொல்லியிருக்கிறது. பத்து மணிக்கு 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்து, வரப்பேறுவதற்குள் நின்றுபோனது.

பட்டறையில் கழற்றினால், ஏழு லிட்டர் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு லிட்டர்கூட இல்லை. அதுவும் தார் மாதிரி. வடிகால் போல்ட்டின் வாஷர் நைந்து, சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. மெக்கானிக் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் காட்டினார். ஜிகினாத் தூள் போல மின்னியது. பேரிங் உரிந்த பொடியாம். சுழலும் கிராங்குத் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் காவல். ஆயில் குறைந்து ஆயில் பம்ப் காற்றை இழுத்ததும் அது போய், இரண்டும் உரசிச் சூடேறிவிட்டன. கிராங்கைக் கால் மில்லிமீட்டர் தேய்த்து, அதற்கேற்பத் தடித்த பேரிங் போட்டதில் 46,000 ரூபாய். உழவுக்காலத்தில் 11 நாள் வண்டி கிடந்தது தனிக்கணக்கு. வாஷர் விலையைச் சொல்ல மாட்டேன், நீ சிரிப்பாய்.

250 மணிக்கு ஒருமுறை ஆயிலும் பில்டரும் மாற்ற வேண்டும் என்று, அடுத்த கணக்கை மட்கார்டில் சாக்பீஸால் எழுதிவைப்பாய். நீ போன பிறகு மழை அழித்தது, நான் திரும்ப எழுதவில்லை. மீட்டரைப் பார்த்தால், கடைசியாக மாற்றியதிலிருந்து 410 மணி ஓடியிருக்கிறது. தினமும் ஸ்டார்ட் செய்யுமுன் களத்தில் சமமாக நிறுத்தி, ஆயில் அளவுக் கம்பியை உருவி, வேட்டிக் கிழிசலில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பாயே! "கம்பிக்குப் பொட்டு வைத்துவிடு" என்று கேலி செய்தவன் நான்.

இப்போது நானே உருவுகிறேன். கம்பியில் உள்ள அளவுக் கோடு இரண்டும் என் கண்ணுக்குத் தெரிவதில்லை, டிரைவர்தான் பார்த்துச் சொல்கிறான். அன்று நீ போனில் அவனைத் திட்டினாயாமே. என்னைக் காட்டிக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு போன் செய்.

அன்புடன்,
அப்பா