தோல்தான் புதுசு, துணிதான் பழசு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரில், 1916-இல் பிரான்ஸில் நடந்த சோம் போரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பீரங்கி, முள்வேலி, இயந்திரத் துப்பாக்கி எல்லாவற்றையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். எனக்குக் குறை, கட்டுரையோடு வந்த படத்தின் அடிக்குறிப்பில்தான். "பழைய பாணித் தோல் வார்களுடன் பிரிட்டிஷ் வீரர்கள். துணி வார்கள் பின்னாளில் வந்தன" என்று போட்டிருக்கிறீர்கள். வார் என்றால் சிப்பாய் தோட்டாப் பை, பேக் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளும் பட்டைகள். விஷயம் நேர் தலைகீழ். துணி வார் 1908-லேயே வந்துவிட்டது. படத்தில் இருக்கும் தோல் வார் 1914-இல் வந்தது.

தோலைப் பார்த்தால் தாத்தா காலத்துச் சாமான் என்றுதான் யாருக்கும் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை பிரிட்டிஷ் சிப்பாயின் இடுப்பிலும் தோளிலும் இருந்தது தோல்தான். அதற்கு வெள்ளைக் களிமண் பூசிப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அணிவகுப்புக்கு அழகு, போருக்குத் தொல்லை. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் தோல் பட்டையிலிருந்து தோட்டாக்கள் நழுவி வழியெல்லாம் விழுந்தன. பின்னால் வந்த போயர்கள், அதாவது அங்கே குடியேறியிருந்த டச்சு வம்சாவளியினர், அதைப் பொறுக்கி, அதே பிரிட்டிஷ்காரனைச் சுட்டார்கள்.

அதற்கு மாற்று அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆன்சன் மில்ஸ் என்ற ராணுவ அதிகாரி, தோட்டா செருகும் வளையங்களைத் தனியாகத் தைக்காமல் பெல்ட்டோடு சேர்த்துத் தறியிலேயே நெய்யும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். நாடாக் கட்டிலில் பின்னும் பருத்தி நாடா தெரியுமல்லவா? அதையே பல மடங்கு கனமாக, இறுக்கமாக நெய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் 'வெப்'. (கையெறி குண்டில் வரும் மில்ஸ் வேறு ஆள், பர்மிங்ஹாம்காரர். கட்டுரையில் அந்தக் குண்டும் வருவதால் சொல்லிவைக்கிறேன்.)

ராயல் ஐரிஷ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் பரோஸ், மில்ஸ் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கியதுதான் 1908 மாதிரி. முன்பக்கம் இரண்டு புறமும் ஐந்தைந்து பைகள், ஒவ்வொன்றிலும் 15 தோட்டா, ஆக 150. முதுகில் பெரிய பேக். இடுப்பில் ஹேவர்சாக் என்ற சின்னப் பை, தண்ணீர்ப் புட்டி, துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட் கத்தி, மண்வெட்டும் கருவி. முன்னால் இருக்கும் தோட்டாவின் பாரமும் பின்னால் இருக்கும் பேக்கின் பாரமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, எடை தோளில் சமமாக நிற்கும். மொத்தத்தையும் ஒரு சட்டையைப் போல ஒரே தடவையில் மாட்டலாம், கழற்றலாம். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. நடந்து போகும்போது பெல்ட் கொக்கியை அவிழ்த்துவிட்டாலும் எதுவும் சரியாது. நெஞ்சும் வயிறும் காற்று வாங்கும். வெயிலில் 15 மைல் நடந்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

இவ்வளவு நல்ல சாமான் கையில் இருக்க, 1914-இல் ஏன் தோலுக்குத் திரும்பினார்கள்? தறி போதவில்லை. போர் அமைச்சர் கிச்சனரின் அழைப்பைக் கேட்டு லட்சக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். அத்தனை பேருக்கும் வெப் நெய்து கொடுக்க மில்ஸ் கம்பெனியால் ஆகவில்லை. தோல் தைப்பவர்கள் பிரிட்டனிலும் இருந்தார்கள், அமெரிக்காவிலும் இருந்தார்கள். வெப் மாதிரியையே பார்த்து, அவசரத்துக்குத் தோலில் தைத்தார்கள். உங்கள் படத்தில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பைப் பாருங்கள். பாம்பு வளைந்த மாதிரி ஒரு கொக்கி தெரியும். பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய தோல் பை இருக்கும், ஒன்றில் 50 தோட்டா. அதுதான் 1914 மாதிரி. ஆகவே அந்த ஆள் பெரும்பாலும் பழைய சிப்பாய் இல்லை, போர் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்த புது ஆள். வாரைப் பார்த்தே இவ்வளவு சொல்லலாம். அடிக்குறிப்பு அதைக் கெடுத்துவிட்டதே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று வீரர்கள் எதிரியை நோக்கி ஓடாமல் நடந்து போனதற்கு மேலிடத்து உத்தரவைக் காரணமாகக் கட்டுரை சொல்கிறது. அது உண்மைதான், ஆனால் பாதிதான். அன்று ஒவ்வொருவன் மேலும் சுமார் 66 பவுண்டு, அதாவது 30 கிலோ இருந்தது. துப்பாக்கி, 220 தோட்டா, இரண்டு கையெறி குண்டு, காலி மண்மூட்டைப் பைகள், விஷவாயு முகமூடி, சாப்பாடு. இந்தப் பாரத்தோடு பதுங்குகுழியை விட்டு ஏறுவதே கஷ்டம், மெதுநடைக்கு மேல் வேகம் வராது, சட்டென்று படுக்கவோ எழவோ முடியாது என்று பிரிட்டனின் அதிகாரபூர்வப் போர் வரலாறே எழுதிவைத்திருக்கிறது. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 19,240 பேர். பாரத்தால்தான் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஓடு என்று உத்தரவு வந்திருந்தாலும் எத்தனை பேரால் ஓடியிருக்க முடியும் என்றுதான் கேட்கிறேன்.

போர் முடிந்து ராணுவ மருத்துவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஒருவன் தன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது, 40 முதல் 45 பவுண்டு போதும் என்றார்கள். 1937 மாதிரியில் அந்தப் புத்தி கொஞ்சம் தெரிகிறது. பெரிய பேக் லாரிக்குப் போனது, சின்ன பேக் முதுகுக்கு வந்தது. முன்பக்கப் பவுச்சைத் துப்பாக்கித் தோட்டாவுக்கு அளவெடுக்காமல், பிரென் இயந்திரத் துப்பாக்கியின் மேகசினுக்கு (தோட்டாக் கூட்டுக்கு) அளவெடுத்தார்கள். செக்‌ஷனில் இருக்கும் ஒரே பிரென்னுக்கு அந்தச் சிறு குழுவில் எல்லாரும் தீனி சுமக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த 1937 வெப் எனக்குப் பழக்கமான உருப்படி. சுதந்திரத்துக்குப் பிறகும் நம் ராணுவம் பல வருடம் அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தது, நானும் கட்டியிருக்கிறேன். பிளாங்கோ என்ற பச்சைச் சாயக் கட்டியை ஈர பிரஷ்ஷால் தேய்த்து, வார் முழுக்கப் பூசி, நிழலில் காயவைக்க வேண்டும். பித்தளைக் கொக்கிக்கு பிராஸோ என்ற பாலிஷ். அது வாரில் ஒரு சொட்டுப் பட்டாலும் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும் என்று, பழைய போஸ்ட் கார்டில் பிளவு வெட்டிக் கொக்கிக்கு அடியில் செருகிக்கொள்வோம். இத்தனையும் செய்து வெளியே போனால் மழை வரும். பிளாங்கோ கரைந்து சட்டையில் பச்சையாக வழியும். நனைந்த வெப்பின் கனம் தனி. பர்மா காட்டில் ஜப்பானியரோடு சண்டை போட்டவர்களுக்கும் அதே பாடுதான். அதற்காகவே எடை குறைந்த, தண்ணீரைச் சுலபத்தில் குடிக்காத 1944 மாதிரியைக் கொண்டுவந்தார்கள். அது பரவலாகக் கைக்கு வருவதற்குள் போரே முடிந்துவிட்டது.

பாரம் மட்டும் குறைந்தபாடில்லை. 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில் 'அட்லாண்டிக் கன்வேயர்' கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டபோது, அதிலிருந்த மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் போயின. பிரிட்டிஷ் கடற்படையின் ராயல் மரீன் வீரர்கள் ஈரச் சதுப்பு நிலத்தில் தீவின் தலைநகரான ஸ்டான்லி நோக்கி நடந்தே போக வேண்டியதாயிற்று. முதுகில் 80 பவுண்டு, சிலருக்கு அதற்கும் மேல். அப்போதும் அவர்கள் உடம்பில் இருந்தது பருத்தி வெப்தான், 1958 மாதிரி. நைலான் அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த இதழில் திருத்தம் போட இடம் இருந்தால் பெரிதாக எதுவும் வேண்டாம். அடிக்குறிப்பில் "பழைய பாணி" என்பதை எடுத்துவிட்டு "1914 மாதிரி" என்று போடுங்கள். இரண்டாவது வாக்கியத்தை அப்படியே அடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர்.