படுக்கைக்கு மட்டுமல்ல, மாத்திரைக்கும் காப்பீடு கொடுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வணக்கமுங்க.

காங்கேயம் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் வரும் பெரியவர்கள் முழு மாத்திரை அட்டை கேட்பதில்லை. "அஞ்சு நாளைக்கு மட்டும் கத்தரிச்சுக் குடு கண்ணு" என்பார்கள். கத்தரித்த துண்டில் மாத்திரையின் பெயர் பாதி போய்விடும். காலாவதித் தேதி இருக்கவே இருக்காது. சர்க்கரை மாத்திரையை வீட்டில் இரண்டாக உடைத்துப் போடுகிற அம்மிச்சிகளும் உண்டு. மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரையை உடைத்தால் மருந்து சட்டென்று உடம்பில் இறங்கிவிடும். எடுத்துச் சொன்னால், "முழுசாப் போட்டா மாசத்துக்குப் பத்தாது சாமி" என்கிறார்கள். 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையில் பால், காய்கறி போக வேறு எவ்வளவு மிஞ்சும்?

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாரடைப்பு வந்து, கோவையில் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்துக்கொண்டு, கடன்படாமல் வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கிற வைத்தியத்துக்குத்தான். 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த எல்லோருக்கும் விரிவாக்கிய ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டிலும், வீடு திரும்பியபின் 15 நாள் மருந்தோடு கணக்கு முடிந்தது. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். அப்புறம் மறுபடியும் ஆம்புலன்ஸ், மறுபடியும் அதே காப்பீட்டில் செலவு. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, தோட்டத்துச் சாளையில் தனியாக இருப்பவர்களுக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருவது பெரிய உதவி. டாக்டர் சீட்டில் அதற்குக் கீழே எழுதிய மற்ற மாத்திரைகளுக்குத்தான் என் கடைக்கு வருகிறார்கள். 2025-இல் திறந்த முதல்வர் மருந்தகங்களில் விலை குறைவு, சரி. அந்தக் குறைந்த விலைக்கும் கையில் காசு வேண்டுமே.

ஆகவே கேட்கிறேன்: காப்பீட்டில் சிகிச்சை பெற்ற பெரியவர்களுக்கு, டாக்டர் எழுதிய காலம் முழுவதற்கும் மருந்தை அதே காப்பீட்டு அட்டையில் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ முழு மாத்திரை அட்டையாக வாங்கிக்கொள்ளட்டும். மொத்தமாக முடியாதென்றால் ஸ்டென்ட் வைத்தவர்களிடமும் பக்கவாதம் வந்தவர்களிடமும் தொடங்குங்கள். அவர்கள் யார் யார் என்ற விவரம் காப்பீட்டுத் திட்டத்தின் கையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
காங்கேயம் பகுதி மருந்துக்கடைக்காரன்